முழுதாக வந்த புழு

போன கிழமை கடைவாய்ப் பல்லொன்றைக் காட்டப் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். அவர் பஞ்சில் கராம்பு எண்ணெய் தொட்டு ஈறில் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நோகுதோ?" என்று கேட்டார். வாய்க்குள் பஞ்சு இருந்ததால் தலையாட்டினேன். உண்மையில் நோகவில்லை. அந்த மணம் எனக்குப் பல்லின் மணமல்ல, புழுவின் மணம். இதை ஒரு பல் வைத்தியருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

உங்களுக்குச் சொல்லலாம். கடற்புழுவை உயிரோடு பிடித்து, கெடாமல் வைக்க மதுசாரத்தில் போட்டால் அது துடித்துத் தன்னைத்தானே துண்டாக்கிக்கொள்ளும். அதனால் முதலில் ஒரு தட்டில் கடல்தண்ணீர் ஊற்றி, அதில் கொஞ்சம் கராம்பு எண்ணெய் கலந்து, புழுவை மெல்ல விடவேண்டும். சுருண்டது நீளும், நீண்டது தளரும், பிறகு அசையாது. படிப்பு முடிந்து வந்த புதிதில் என் வேலை அதுதான். துறைமுகப் பக்கம் ஒரு பழைய களஞ்சியத்தின் மேல்மாடியில் சின்ன ஆய்வுகூடம் ஒன்று இருந்தது. கடலடிச் சேற்றை அரித்து, அதில் அகப்படும் புழுக்களை இனம் பிரிக்கவேண்டும். நான் சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருவேன். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் அம்மா, "பிள்ளைக்குக் கடல் சம்பந்தமான வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வா. ஒரு மாப்பிள்ளையின் தமக்கை, "நேவியிலயோ?" என்று கேட்டுவிட்டுப் போனவ பிறகு வரவேயில்லை.

அந்த அறையில் என்னோடு வேலை செய்தவள் ஜெஸிமா. கிண்ணியாக்காரி. பல்கலைக்கழகத்திலும் நாங்கள் ஒரே வகுப்பு. எனக்கு அந்த வேலையில் பிடித்தது மின்விசிறியும் ஜன்னலால் தெரிகிற கப்பல்களும். அவளுக்குப் பிடித்தது புழு. நான் மிகைப்படுத்தவில்லை. மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டும் அவள் முட்களைப் பற்றித்தான் கதைப்பாள். மீன் முள் அல்ல. இந்தப் புழுக்களின் உடம்பில் ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு பக்கமும் குட்டைக் கால்கள் இருக்கும். அவற்றிலிருந்து மயிர்போல நீட்டிக்கொண்டிருப்பவை சிலிர்முட்கள். வெறுங்கண்ணுக்கு ஒரு பளபளப்பு மட்டும் தெரியும். நுணுக்குக்காட்டியில் வைத்தால் ஊசி, கொக்கி, அரிவாள், சீப்பு என்று ஒரு இரும்புக்கடையே விரியும். இனத்துக்கு இனம் அந்தக் கடை மாறும்.

கிண்ணியாப் பக்கக் குடாவில், தண்ணீர் வற்றினால் வெளித்தெரிகிற சேற்று நிலத்தில் ஒரு புழு இருந்தது. தூண்டில்காரர்கள் இரைக்குத் தோண்டுவார்கள். ஒரு முழம் நீளம் வரும். பச்சை கலந்த சிவப்பு. வெயில் பட்டால் அதன் மேலில் வானவில் ஓடும். தலையில் ஐந்து உணர்கொம்பு, இரண்டு கண். கொஞ்சம் பின்னுக்குப் போனால் கால்களுக்கு மேலே சிவப்பு இழைகளாகப் பூ. மீனின் செவியில் இருக்குமே, அதே பூ, மூச்சு விடுவதற்கு. அதற்கு ஐரோப்பியக் கரையொன்றில் பெயர் சூட்டப்பட்ட புழுவின் பெயரையே எல்லாரும் கொடுத்து வந்தார்கள். நானும் அதையே எழுதிப் போத்தலில் ஒட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க எழும்பினேன்.

"இது அது இல்ல புள்ள" என்றாள் ஜெஸிமா.

"பார்க்க அதே மாதிரித்தானே கிடக்கு?"

"பார்க்க எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். சீப்பைப் பாரு."

சீப்பு முட்களில்தான் வித்தியாசம் இருந்தது. அந்த ஐரோப்பியப் புழுவின் சீப்புக்குப் பேன்சீப்பின் பற்கள்போல மெல்லிய பற்கள். நம்முடையதில் அதுவும் உண்டு. ஆனால் ஒரு துண்டில், உடம்பின் பின்பக்கத்தில், அகலமான, தடித்த பல்லுள்ள சீப்பு ஒன்றை அவள் கண்டிருக்கிறாள். "வேற புழு" என்று சொல்லி, நான் ஒட்டிய பெயரை அவள் உரித்தெடுத்தாள். ஒரு உயிருக்கு முதல்முதலாகப் பெயர் வைப்பதென்றால் சும்மாவா?

அந்த நாட்களில்தான் அவள் நுணுக்குக்காட்டியில் தலையைச் சரித்து வைத்துப் பார்ப்பதைக் கவனித்தேன். பிறகு இடுக்கியால் புழுவை எடுக்கப் போய்த் தட்டின் விளிம்பைப் பிடித்தாள். கேட்டதற்கு முதலில் நித்திரை இல்லை என்றாள். ஒருநாள் சோறு சாப்பிடும்போது தானாகவே சொன்னாள்.

"பார்க்கிற இடம் மட்டும் அழிஞ்சு போகுது. உன்னப் பார்த்தா காது ரெண்டும் தெரியுது. மூஞ்சி இல்ல."

"அது உனக்கு நல்லதுதான்" என்றேன் பகிடியாக. அவள் சிரித்தாள். நான் சோற்றுப் பார்சலை மடித்து வைத்தேன்.

கொழும்பில் பெரிய வைத்தியரிடம் அவளுடைய வாப்பா கூட்டிப்போனார். கண்ணுக்குள் இருக்கும் திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது, பிறவியிலேயே வந்த குறை, மருந்தில்லை, முற்றாக இருண்டு போகாது, ஓரப் பார்வை மிஞ்சும் என்றார்களாம். வீட்டில் எல்லாரும் அழுதார்களாம். அவள் அழவில்லை. திரும்பி வந்த அன்று கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.

"இனி நீ பாரு. நான் கேக்கிறன்."

அப்படித்தான் அந்தப் புழுவை நாங்கள் விவரித்தோம். அவளைப் போல அடம்பிடித்துக் கேட்கிற ஆளை நான் கண்டதில்லை.

"என்ன தெரியுது?"

"சீப்பு."

"என்ன மாதிரிச் சீப்பு?"

"சின்னச் சீப்பு."

"நான் கடைக்கா வந்திருக்கிறன் சீப்பு வாங்க? பல்லு தடிப்பா மெல்லிசா? ரெண்டு கரைப் பல்லும் ஒரே நீளமா?"

திரும்பப் பார்ப்பேன். ஒரு கரைப் பல் மற்றதை விட நீளம். சொன்னதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். என் சொல்லிலிருந்து அவளுக்குள் அந்த முள் உருவாகும். உருவானதில் ஏதாவது பொருந்தாவிட்டால் என்னைத் திரும்பவும் பார்க்க வைப்பாள். வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு தடை இருந்தது. எங்கள் கையிலிருந்தவை எல்லாம் துண்டுகள். அந்தப் புழு பிடித்து இழுத்தால் அறுந்துபோகும், வால் பகுதி சேற்றுக்குள் நின்றுவிடும். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாயிருந்த சேர் கண்டிப்பான மனிதர்.

"தலை ஒரு புழுவிட, வால் இன்னொரு புழுவிட எண்டு யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க? முழுசா ஒண்டு வேணும்" என்றார். அவர் சொன்னது சரிதான்.

குடாவுக்குப் போனோம். நான் மண்வெட்டியால் தோண்டித் தோண்டி அறுத்தேன். ஜெஸிமா பாவாடையைச் செருகிக்கொண்டு சேற்றில் முழங்காலில் இருந்தாள். கையைப் பொந்துக்குள் விட்டு, முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் பொந்தின் போக்கிலேயே போனாள். தோள்வரை கை உள்ளே போய்விட்டது. கொக்குகள் எங்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன. நெடுநேரத்துக்குப் பிறகு, "தட்டைக் கிட்டக் கொண்டு வா" என்று மெல்லச் சொன்னாள். சேற்றோடு சேர்த்து வளைந்து வளைந்து வந்தது முழுப் புழு. வால் நுனியில் இருக்கும் இரண்டு நூல்கூட அப்படியே இருந்தன.

"முழுசா?" என்று கேட்டாள்.

"முழுசு."

சேற்றுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். என் ஒரே நல்ல சட்டை அன்றோடு சரி.

தடித்த சீப்புகள் வால் பக்கத்தில் இருந்தன. அவள் சொன்னதே உண்மை. எழுதி முடித்து ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினோம். பதில் வருவதற்குள் ஆய்வுகூடத்தை மூடிவிட்டார்கள். போத்தல்கள் பெட்டிகளில் அடைபட்டு வேறொரு கட்டடத்துக்குப் போயின. கடைசியாகப் பதில் வந்தது. ஏற்றுக்கொள்கிறோம், மற்றவர்களும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் புழுவை ஒரு நூதனசாலையில் வைத்து அறிவியுங்கள், அதற்குப் பிறகே பெயர் அச்சாகும் என்று. சந்தோஷத்தோடுதான் பெட்டியைத் திறந்தோம். எங்கள் போத்தலின் மூடி தளர்ந்து மதுசாரம் முழுக்க ஆவியாகியிருந்தது. அடியில் காய்ந்த புளித்தோல்போல ஒன்று கிடந்தது. ஜெஸிமா தொட்டாள். தொட்ட இடம் உதிர்ந்தது. ஊறவைத்து மீட்கும் மருந்தில் போட்டோம். தலை கூழாகிவிட்டது, முட்கள் ஒடிந்து எது எதுவென்று தெரியவில்லை.

"பரவாயில்ல. போய் இன்னொண்டு எடுப்பம்" என்றாள்.

போவதற்குள் நாட்டில் என்னென்னவோ நடந்தன, எங்கள் வீடுகளிலும் நடந்தன. அவளுடைய உம்மா படுக்கையில் விழுந்தா. எனக்குக் கலியாணமாகி வவுனியாவுக்குப் போய், பிள்ளைகளோடு திரும்பி வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கினேன். போன வருடம்தான் இருவருமாக ஒரு ஓட்டோ பிடித்துக் குடாவுக்குப் போனோம். தட்டு, மதுசாரம் எல்லாம் கொண்டுபோனேன்.

அவள் இறங்கி நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"இடம் மாறி வந்திட்டமா? சேத்து மணமே இல்லையே."

"இல்ல ஜெஸிமா. இதுதான் இடம்."

"ஓரத்தில வெள்ளையா நீளமா ஒண்டு தெரியுது. என்ன அது?"

"நடைபாதை. கட்டு கட்டி வெள்ளை அடிச்சிருக்கு."

"அதுக்கு அங்கால?"

"கருங்கல் அடுக்கியிருக்கு. அதுக்கு அங்கால தண்ணி."

அவள் குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். சீமெந்து சுட்டிருக்க வேண்டும், ஆனாலும் எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் ஐஸ்பழம் சாப்பிட்டுக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தது.

"கல்லுக்குக் கீழ சேறு இருக்கும்தானே?"

"ஓம், இருக்கும்."

"மூச்சு விட ஏலாது, என்ன?"

பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பலகாமம் பக்கமும் மூதூர்ப் பக்கமும் தனியாகப் போய்த் தோண்டினேன். புழுக்கள் வந்தன. வாலும் கிடைத்தது. வீட்டில் பிள்ளையின் மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பேன்சீப்புத்தான். ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தொலைபேசியில் சொல்வேன். இரண்டு கரைப் பல்லையும் கேட்பாள். நீளம் கேட்பாள். பிறகு, "அப்ப அது இல்ல" என்பாள்.

இப்போதும் தொலைபேசியில் கதைப்போம், புழுவைப் பற்றி மட்டும் அவள் கேட்பதில்லை. களஞ்சியத்தின் மேல்மாடியையும் இடித்துவிட்டார்கள். அந்தப் புழு பெயர் இல்லாமலே போய்விட்டது.