கனடாக்காரரின் சாரி

தோஹாவில் எங்கள் மேனேஜர் ஒரு கனடாக்காரர். உயரமான ஆள், வெயிலில் தக்காளிபோலச் சிவந்த மூக்கு. நாற்காலியில் கால் இடித்துக்கொண்டால் நாற்காலியிடமே சாரி சொல்வார்.

"கனடாவில இருக்கிற என்ர அக்கா சொல்லுறவ, அங்க எல்லாரும் உப்பிடித்தானாம் தம்பி" என்று சிரிப்பார் ஸ்டோர் பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். "பனிக்கரடி கடிச்சாலும் அதிட்ட சாரி சொல்லிப்போட்டுத்தான் கத்துவினம்."

நானும் சிரித்தேன், என் லீவை மேனேஜர் ரத்து செய்யும்வரை. தூத்துக்குடி சர்ச்சில் மகளுக்கு முதல் நற்கருணை, டிக்கெட்கூட எடுத்திருந்தேன். சைட்டில் ஆள் பற்றாதாம். நெஞ்சில் கைவைத்து மூன்று முறை சாரி சொன்னார். வெள்ளை கவுன் போட்ட மகளை போனில்தான் பார்த்தேன்.

ஜூலையில் அவர் வில்லாவில் ஏசி நின்றுபோனது. ஏசி மெக்கானிக் நான்தான். கெபாசிட்டர் போயிருந்தது, புதியது ஒன்று என் பையிலேயே கிடந்தது. அவரைப்போலவே நெஞ்சில் கைவைத்தேன்.

"சாரி சார், பார்ட் மாஃபி. நோ ஸ்டாக். ஃபோர் டேஸ்."

வியர்வை வழிய நின்றவர் என் பையை ஒரு கணம் பார்த்தார். பிறகு எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உனக்குத்தான் வீண் அலைச்சல், சாரி என்றார்.

தெரிந்துதான் சொன்னாரா, வெறும் வாய்ப்பழக்கமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பத்து நாள் என்று சொல்லியிருக்க வேண்டும்.