அப்பா பிரேக் பார்த்த காலை

பிரேக் ஆயில் விரலில் பட்டால் அதன் வழவழப்பு லேசில் போகாது. சோப்பு போட்டுக் கழுவிய பிறகும், சோற்றில் கை வைக்கும்போது அந்த மருந்து வாடை எழும்பும். ஆம்பூரில் எங்கள் தெருவுக்கே தோல் வாடைதான் என்றாலும், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இந்த வாடைதான் இருந்தது.

அப்பா ஷூ கம்பெனியில் மெஷின் பிட்டர். யாரோ கழித்துவிட்ட ஒரு பழைய காரை வாங்கி, அதன் ஒவ்வொரு நட்டையும் தானே கழற்றி மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கிடம் விடுங்கள் என்று அம்மா சொல்லும்போதெல்லாம், கம்பெனியில் அத்தனை மெஷினையும் ஓடவைக்கிற எனக்கு இதெல்லாம் ஒரு வண்டியா என்பார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தக் காருக்கு அவர் வைத்திருந்த பெயர் "பேஜார் வண்டி".

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒடுகத்தூரில் சித்தியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அன்று காலைதான் அப்பா பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வாஷர்களை மாற்றிக்கொண்டிருந்தார். அம்மா பட்டுப்புடவையோடு இரண்டு முறை வாசலுக்கு வந்து நேரம் சொல்லிவிட்டுப் போனார். நான் புதுக் கவுனோடு டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, அப்பா சொல்லச் சொல்ல பிரேக்கை மிதித்தேன். குழாயிலிருந்த காற்றெல்லாம் வெளியேறியதும், சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கடைசி வேலையைச் சொன்னார்.

"அழுத்திப் புடிச்சிக்கினே நூறு எண்ணு பாப்பா. மிதி கீழ எறங்குதான்னு பாத்துச் சொல்லு. எறங்குனா எங்கியோ ஆயில் கசியுதுன்னு அர்த்தம்."

எழுபதைத் தாண்டியபோது அது என் பாதத்தின் கீழே மெல்ல இறங்கியது. கால் வலியால் அப்படித் தெரிகிறதோ என்று நினைத்தேன். சொன்னால் மறுபடி சக்கரத்தைக் கழற்றுவார், கேக் வெட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது என்பதையும் நினைத்தேன்.

"எறங்கலப்பா."

ஊருக்குள் பிரேக் பிடித்தது. மாதனூர் தாண்டி ஒடுகத்தூர் சாலையில், ஓர் இறக்கத்தில், வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி குறுக்கே திரும்பியது. அப்பா மிதித்தார், மறுபடி மறுபடி மிதித்தார், கைப்பிரேக்கை இழுத்தும் வண்டி நிற்காததால், காரைப் பக்கத்து நிலத்துக்குள் திருப்பினார். வரப்பில் மோதி நின்றது. முன்னால் கையை ஊன்றிக்கொண்ட அம்மாவின் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது.

கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை சரியாகத் திரும்பவில்லை. ஊசி போட்டால் வலிக்காது என்று நோயாளிகள் தேடி வந்த கை அது. அம்மாவைச் சீட்டு எழுதும் இடத்துக்கு மாற்றினார்கள். இடது கையால் எழுதப் பழகினார். அவர் சண்டை போடவில்லை. "நீங்க பாத்த பிரேக்குதானே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு அப்பா வீட்டில் ஸ்பானரைத் தொடவில்லை. மின்விசிறி நின்றால்கூட, ஆள் வரட்டும் என்பார். காரைப் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து இழுத்துப்போனார்.

முப்பது வருடம் கழித்து, போன மாதம்தான் அன்று மிதி இறங்கியதை அப்பாவிடம் சொன்னேன். என் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு, இருவரும் கண்ணாடி அறையில் காத்திருந்தோம்.

"பத்து வயசுப் புள்ள சொன்னத வச்சி வண்டிய எடுத்தது நான். ஒரு தடவ நானே மிதிச்சிப் பாத்திருக்கணும்." கொஞ்சம் பொறுத்து, "அம்மாகிட்ட சொல்லாத. எம்மேல வருத்தப்பட்டு அவளுக்குப் பழகிப்போச்சி. இப்ப போயி உம்மேல வேணாம்" என்றார்.

எங்கள் தெருவில் இப்போது வாசலுக்கு வாசல் கார் நிற்கிறது. அதற்கடியில் படுத்திருக்கும் அப்பாக்கள்தான் இல்லை. நான் போகும்போதெல்லாம் அம்மா காபி டம்ளரை இடது கையால் நீட்டி, மன்னிப்புக் கேட்பதுபோல் லேசாகச் சிரிக்கிறார். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடிக்கிறேன்.