கிப்பி கேப்டனுக்கு ஒரு பூத மெட்டு

ஓஸ்லா அக்கா பிடிலில் வில்லை வைத்தால் கடல்நாய்கள் கரையேறி ஜோடி போட்டு ஆடும். அக்கரையில், நார்வேயில், மாடுகள் தாளம் தப்பாமல் பால் சுரக்கும். சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் யெல் தீவுக்கு வரலாம். கார் ஏற்றும் படகில் கயிறு வீசுகிறவளே அவள்தான், நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவில் கல்யாணம், குழந்தை, புது டிராக்டர் எதுவானாலும் அக்கா ஒரு மெட்டுப் போட்டுப் பெயரும் வைத்துவிடுவாள். சேற்றில் சிக்கி மீண்ட ஆட்டுக்கிடாவுக்குக்கூட ஒன்று உண்டு. மெட்டோடு அதன் கதையையும் சொல்லியாக வேண்டும்; கதை இல்லாத மெட்டை இங்கே யாரும் மதிப்பதில்லை.

அப்படிப்பட்டவள் அந்தப் படகை ஓட்டும் கிப்பி கேப்டனிடம் மாட்டிக்கொண்டாள். அவர் ஓய்வுபெறும் விருந்து சனிக்கிழமை. "பொம்பளை கையில கயிறா?" என்று சிரித்தவர்கள் வாயை அடைத்து அவளை வேலைக்குச் சேர்த்தவர் அவர். வியாழன்வரை ஒரு மெட்டும் வரவில்லை.

"எதை வாசிச்சாலும் பழசு மாதிரியே வருதுடி ரோனா. அவரை வெறுங்கையோட அனுப்பினா, அப்புறம் நான் பிடிலைத் தொடமாட்டேன்."

"வயசாயிடுச்சுக்கா. அக்கார்டியன் கத்துக்க."

"வாயைக் கழுவுடி!"

மறுநாள் நான் ஒரு மெட்டைச் சீட்டியடித்துக் காட்டினேன்.

"யாரோடது இது?"

"மேட்டுக்கடியில பூதங்க வாசிச்சுது. ஆடு தேடப் போனப்பக் கேட்டேன்."

எங்கள் ஊரில் இது செல்லுபடியாகும் பதில். பழைய மெட்டுகள் பல பூதங்களிடம் கேட்டு வந்தவைதான், யாரும் துருவமாட்டார்கள். அக்காவும் துருவவில்லை. பிடிலை எடுத்தாள். இரண்டாம் முறை வாசிக்கும்போதே அது என் சீட்டியைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது.

சனிக்கிழமை, மண்டபத்தில் ஆட்டுக்கறி சூப் முடிந்ததும் அக்கா வாசித்தாள். கிப்பி கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூதக் கதைக்கு ஊரே வாயைப் பிளக்கப்போவதைப் பார்க்க நான் காத்திருந்தேன்.

"இது பூதங்க போட்ட மெட்டாம்," என்றாள் அக்கா. "நானும் நம்பியிருப்பேன். ஆனா நடுவுல ஒரு இடத்துல நின்னு, டக் டக் டக்னு தட்டிட்டுப் போகுது பாருங்க. தினமும் ஸ்கூலுக்கு லேட்டா ஓடி வர்ற ஒருத்திக்காகப் படகை நிறுத்திட்டு, 'சீக்கிரம் வாடி'ன்னு கேப்டன் படகு ஜன்னல் கண்ணாடியைத் தட்டுவாரே, அதே தட்டு. ஏன்டி ரோனா, பூதம் எந்த ஸ்கூலுக்குடி போகுது?"

நழுவலாம் என்று திரும்பினேன். வாசலை அடைத்துக்கொண்டு கிப்பி கேப்டன் நின்றிருந்தார்.