பதினொன்று இருபது வரை

கொழும்பிலிருந்து ஒஸ்லோவுக்குப் போன அந்தக் கோடையில் மனைவிக்கு ஒரே ஆசைதான் இருந்தது: கடலில் படகேற வேண்டும். சுற்றுலாப் படகின் கட்டணப் பலகையை நான் இரண்டு முறை வாசித்துவிட்டு, "பிறகு பார்ப்பம்" என்றேன்.  அடுத்த நான்கு நாளும் அவள் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

நாங்கள் தங்கியிருந்தது நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஸ்டோவ்னரில், மனைவியின் சித்தி மகள் வீட்டில். ஐந்தாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது சித்தி மகள்தான் வழி சொன்னாள்.

"அத்தான், அந்தப் படகுக்கு ஏன் காசைக் கொட்டுறியள்? தீவுக்குப் போற சாதாரணப் படகு இருக்கு. ரயில் டிக்கெட்டிலையே ஏறலாம்."

எங்கள் நாள் டிக்கெட்டில் அன்று காலை 11.20க்கு முத்திரை விழுந்திருந்தது. இருபத்துநான்கு மணி நேரம் செல்லும். மறுநாள் காலை 10.30 படகைப் பிடித்து, எந்தத் தீவிலும் இறங்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் 11.15க்குக் கரை. நாட்குறிப்பில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

காலை 9.10க்குச் சப்பாத்து மாட்டினேன். சித்தி மகள் கதவடியில் வந்து நின்றாள்.

"சாப்பாடு கட்டித் தராமல் ஒருத்தரையும் விடமாட்டன். புட்டு இப்பதான் அவியுது."

"டிக்கெட் முடிஞ்சுபோகும் பிள்ளை."

"டிக்கெட் போனால் வேறை வாங்கலாம். உங்கை ஒரு பாண் துண்டு என்ன விலையெண்டு தெரியுமோ?"

புட்டும் சம்பலும் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் அடங்கியபோது 9.32. ரயிலில் இருபத்தைந்து நிமிடம். பிறகு துறைமுகம் வரை ஓட்டமும் நடையும். 10.29க்குப் படகில் கால் வைத்தோம். மனைவி முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காற்றில் சேலைத் தலைப்பு என் முகத்தில் அடித்தது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

முதல் தீவில் படகு நின்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனாள்.

"எங்கை போறாய்? இறங்கினால் திரும்பி வர டிக்கெட் இல்லை!"

"அப்ப நீங்கள் இருங்கோ. நேரத்தோடை போய்ச் சேருங்கோ. புட்டு என்னட்டை."

கயிற்றைப் பிடித்திருந்த படகுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் இறங்கினேன்.

பாறை வெயிலில் சூடாகியிருந்தது. ஏழைகளைப்போல் பெட்டியைத் திறக்கிறோமே என்று கூச்சத்தோடு சுற்றிப் பார்த்தேன். எங்களைச் சுற்றி இருந்த நோர்வேக்காரர் எல்லாரும் மெழுகுத்தாள் பொதியைப் பிரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாணைத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அதுதான் வழக்கமாம். புட்டு இன்னும் சூடாக இருந்தது. கையாலேயே சாப்பிட்டோம்.

திரும்பும் படகில் இருவருக்கும் புதிதாக நாள் டிக்கெட் வாங்கினேன். மனைவி ஒன்றை வாங்கி முத்திரை நேரத்தைப் பார்த்தாள்.

"இது நாளைக்கு மத்தியானம் வரைக்கும் செல்லுமல்லோ? அப்ப நாளைக் காலமை அடுத்த தீவு."