வேம்புலியம்மாள் கேன்டீனுக்குப் போகவில்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் இரண்டு நாள் முன்பே தரையில் மஞ்சள் கோட்டைப் புதுப்பிப்பார்கள். வாசலில் செடித்தொட்டி வைப்பார்கள். அப்புறம், இங்கிலீஷ் தெரியாத பெண்களைக் கேன்டீனுக்கு அனுப்பிவிடுவார்கள். விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியை அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளுகிற மாதிரிதான். இதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. போன வருஷம் வரைக்கும் வேம்புலியம்மாளும் நினைத்ததில்லை.

பத்தொன்பது வருஷமாக அவள் அங்கே வேலை பார்க்கிறாள். கார் பிரேக்குக்குள் போகிற சின்ன இரும்பு வளையத்தைக் கையில் எடுத்து, அதன் ஓட்டைக்குள் கேஜ் என்கிற அளவுக் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். கேஜின் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போகக் கூடாத முனை போய்விட்டால் அந்தப் பீஸ் சிவப்புப் பெட்டிக்கு. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பீஸ். அவள் கை தப்பாகப் பாஸ் பண்ணியது என்று ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை.

போன வருஷ ஆடிட் அன்று எட்டுப் பெண்களோடு அவளும் கேன்டீனில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியே அவளுடைய மேஜை தெரிந்தது. அங்கே நிஷா நின்றுகொண்டிருந்தாள். டிசைன் பிரிவு இன்ஜினியர், நல்ல பெண். பாவம், கேஜைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அது போகட்டும். வேம்புலியின் பெயர் தைத்த ஏப்ரனை அவள் மாட்டியிருந்தாள். அதுதான் வேம்புலிக்குப் பொறுக்கவில்லை.

"என் பேரப் போட்டுகினு வேற ஒருத்தி நிக்கிறா. அப்போ நான் யாரு?" என்று பக்கத்தில் இருந்த புஷ்பாவிடம் கேட்டாள்.

புஷ்பா வடையைப் பிட்டுக்கொண்டே, "உனக்கு இன்னாத்துக்கு வம்பு? சும்மா குந்தினதுக்கு சம்பளம் தர்றான். குந்து" என்றாள்.

வேம்புலி குந்தவில்லை. அன்று சாயங்காலமே பட்டரவாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் போனை வாய்க்கு நேரே பிடித்து, "இங்கிலீஷ் மெதுவா படிக்கிற கதை" என்று கேட்டாள். போன் என்னென்னவோ கொட்டியது. முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு கத்துகிறவர்களையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளி, கடைசியில் ஓர் இலவசப் பக்கத்தில் வந்து நின்றாள். மேலே ஒலி, கீழே அதே கதை பெரிய எழுத்தில். ஓர் ஆண்குரல் ஒரு வரியைப் படிக்கும், அப்புறம் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எழுத்து தெரியும், கூட்டிப் படிக்கவும் வரும். அந்தக் குரல் கூட வந்ததில் கொஞ்சம் கொஞ்சமாக அர்த்தமும் வந்தது.

அண்ணனூரில் ஏறினால் பட்டரவாக்கம் மூன்றாவது ஸ்டேஷன். ஒரு கதைக்குச் சரியாக இருக்கும். லேடீஸ் பெட்டியில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அந்தக் குரல் நிறுத்துகிற இடத்திலெல்லாம் உரக்கத் திருப்பிச் சொல்வாள். முதல் வாரம் எதிரே உட்கார்ந்திருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். போகட்டும், காலை நீட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் கணவன் ஏகாம்பரம், "இன்னாமே, லண்டனுக்குப் போவப்போறியா?" என்று சிரித்தான்.

"லண்டனுக்கு இல்லய்யா. என் டேபிளுக்கு" என்றாள்.

வருஷம் ஓடியது. நாய் தொலைந்த கதை, மழையில் பஸ்ஸைத் தவறவிட்ட கதை என்று நூற்றுக்கு மேல் கேட்டுவிட்டாள். தொழிற்சாலைப் பேச்சு என்று தனியாகப் பதினோரு பாடம் இருந்தது. அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தச் சமயத்தில்தான் நோட்டீஸ் போர்டில் இந்த வருஷப் பட்டியல் ஒட்டினார்கள். கேன்டீனுக்குப் போக ஒன்பது பேர். முதல் பெயர் அவளுடையது.

நேரே புரொடக்‌ஷன் மேனேஜர் கார்த்திகேசனிடம் போனாள்.

"சார், நான் கேன்டீனுக்குப் போவ மாட்டேன். என் டேபிள்ல நானே நிக்கிறேன்."

"ஜப்பான்காரர் வர்றாரும்மா. கேள்வியெல்லாம் இங்கிலீஷ்ல கேப்பாரு."

"கேக்கட்டும் சார். பதில் சொல்லத்தான் நான் கீறேனே."

"ஏதாவது உளறி வச்சா ஆர்டரே போயிடும். விளையாட்டா உனக்கு?"

"பத்தொம்போது வருசமா என் கை பாஸ் பண்ண பீஸுதான் அவுங்க கார்ல ஓடுது. அப்போல்லாம் வராத பயம், நான் வாயத் தொறந்தா மட்டும் வருதா சார்?"

கார்த்திகேசனுக்கு முகம் சிவந்தது. "சொன்னதைச் செய். இல்லேன்னா மறுநாள்லேர்ந்து பேக்கிங்குக்குப் போயிடு. அந்த மேஜை உனக்குக் கிடையாது."

மிரட்டல் வேலை செய்யவில்லை என்று சொன்னால் பொய். வேம்புலி அன்று சோறு சரியாகத் தின்னவில்லை. ஆனாலும் ஆடிட் அன்று அரை மணி முன்னதாக வந்து, ஏப்ரனை மாட்டி, மேஜைக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

நிஷா தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, ஏப்ரனை வாங்கிக்கச் சொல்லி சார் அனுப்பினாரு."

"என் உடம்புல கீதும்மா. கழட்ட முடியாது."

"நல்லதாப் போச்சுக்கா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு நிஷா போயே போய்விட்டாள். கார்த்திகேசன் ஓடி வருவதற்குள் ஆடிட்டரும் உள்ளே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், கையில் சின்ன நோட்டு. நேரே அவளிடம் வந்து, அவளுடைய வேலை என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா நின்றார்.

அந்த இடைவெளிதான் அவளைக் கவிழ்த்தது. ஒரு வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்து இழுக்க, "வாட் ஈஸ் யுவர் ஜாப்?" என்று அவர் கேட்ட ராகத்திலேயே திருப்பிச் சொன்னாள். கார்த்திகேசன் நெற்றியில் கை வைத்தார். வேம்புலி ஒரு வளையத்தைக் கையில் எடுத்தாள். சமாளித்துக்கொண்டு ஓட்டையைச் சோதிப்பது என்றாள். போகக் கூடாத முனை உள்ளே போனால் என்ன செய்வாய் என்றார் அவர். அதையும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, "ஐ ஸ்டாப். ரெட் பாக்ஸ். ஐ கால் சூப்பர்வைசர்" என்றாள்.

"சாரி சார்" என்று கார்த்திகேசன் குறுக்கே வந்தார். ஆடிட்டர் கையைக் காட்டி நிறுத்தினார். எங்கள் தொழிற்சாலையிலும் சொன்னதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் வேலையைத் தொடுவார்கள், இங்கே இவர் ஒருவர்தான் அப்படிச் செய்கிறார் என்றார். அதைச் சொல்வதற்குள் நாலு இடத்தில் வார்த்தைக்குத் திணறினார். அட, இவருக்கும் இங்கிலீஷ் தேடித் தேடித்தான் வருகிறது! வேம்புலியின் பயம் அத்தோடு போனது.

மூன்றாவது கேள்வி எந்தப் பாடத்திலும் இல்லாதது. அந்தப் பீஸைப் பாஸ் பண்ணச் சொல்லி மேலே இருப்பவர் சொன்னால்?

வேம்புலி அதையும் திருப்பிச் சொன்னாள். இந்தத் தடவை கார்த்திகேசன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள். அப்புறம், "ஹி சைன். ஐ நோ சைன்" என்றாள். அவர் வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும், நான் போட மாட்டேன். அவளுடைய இங்கிலீஷ் கொஞ்சம் நொண்டியது, ஆனால் சொல்ல வந்தது போய்ச் சேர்ந்தது.

ஆடிட்டர் நோட்டில் ஏதோ எழுதினார். பெயரைக் கேட்டார். "வேம்புலியம்மாள்" என்று சொல்லிவிட்டு அவள் இடைவெளி விட்டாள். "வேம்… புலி… யம்மாள்" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

அறிக்கையில் அந்தப் பெயர் ஏறிவிட்டது. அதற்கப்புறம் பேக்கிங் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனால் பட்டியலில் மற்ற எட்டுப் பெயர்களும் அப்படியே இருந்தன. மறுநாள் மதியம் வேம்புலி கேன்டீனில் அந்த எட்டுப் பேரின் டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே போனை நிறுத்தி வைத்து, கதையின் ஒலியைக் கூட்டி விட்டாள். திருப்பிச் சொல்ல முதலில் வாயைத் திறந்தவள் புஷ்பாதான், வாயில் சோற்றோடு.

இரண்டு வாரம் கழித்து, சத்தம் கேட்டுக் கார்த்திகேசன் கேன்டீன் கதவைத் தள்ளினார். "வாட் ஈஸ் கோயிங் ஆன் ஹியர்?" என்று அதட்டினார்.

வேம்புலி போனை நிறுத்தினாள். பிறகு ஒன்பது பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் முகத்தை நேரே பார்த்து, ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள்:

"வாட் ஈஸ் கோயிங் ஆன் ஹியர்?"