வௌவாலுக்குக் கீழே தமிழ் வகுப்பு

அன்று கூட்டத்தில் இருந்தவர்கள்: கோயில் பங்கு அலுவலகச் செக்ரட்டரி. வௌவால் ஆராயும் பெண். தமிழ் வகுப்பு ரீச்சர். பெற்றோர் சார்பில் ஒருவர், வங்கியில் வேலை. பாட்டுக்குழு அண்ணை. நான், அந்தக் கோயிலின் அப்வார்ட். கூட்டுவது, பூட்டுவது, பல்ப் மாற்றுவது என் வேலை.

சுவிஸில், ஓல்டனுக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில். 2020, ஆனி மாதம். கொரோனாவுக்கு மூடிய வகுப்பை அப்போதுதான் திறந்திருந்தோம். கூரைக்கு நேர் கீழே உள்ள அறை. வாடகை கிடையாது. வேறு இடம் கேட்டுப் பார்த்தாயிற்று, எங்கும் இல்லை. அறை போனால் வகுப்பும் போகும்.

கூரைக்குள் வௌவால் நான் வேலைக்கு வரும் முன்பே இருந்தது. கோடையில் அங்கேதான் குட்டி போடும். இந்த நாட்டில் அதைக் கலைக்கக் கூடாது, சட்டம். ஒருவருக்கும் அது கவலையாக இருக்கவில்லை. கொரோனா வந்ததும் எல்லோருடைய போனிலும் வௌவால் வீடியோ.

வௌவால் ஆராயும் அந்தப் பெண் சில வருடமாக வந்து போகிறவர். பெரிய வௌவால் தொங்கும் இடத்தில் ஒரு தாள் விரிப்பார். பலகை இடுக்கில் இருக்கும் சின்ன வௌவாலுக்குக் கீழே வேறு தாள். எச்சத்தைத் தனித்தனிக் குழாயில் எடுப்பார். எதில் என்ன வைரஸ் என்று பார்க்கத்தான். அவர் மாஸ்க், கையுறையோடு இறங்கி வந்ததை ஒரு தாய் கண்டுவிட்டார். அது போதும், பெற்றோர் எல்லோருக்கும் பயம் தொற்ற.

பாட்டுக்குழு அண்ணை அதற்கு வைத்தியம் பார்த்தார். தூபக்கலசத்தில் கரி மூட்டி, சாம்பிராணி போட்டு, மேலே கொண்டு போனார். ஊரில் நுளம்பு கடிக்காமல் போடுகிறதுதானே என்றார். பாட்டுக்குழு அலுமாரித் திறப்பும் கூரைத் திறப்பும் ஒரே சாவி வளையத்தில் இருந்தன. புகை எச்சரிக்கைக் கருவி கத்தியது. தீயணைப்பு வாகனம் வந்தது. குட்டிகள் விழுந்து செத்தன. விரித்த தாள் மேலெல்லாம் சாம்பல். கூட்டியள்ளியது நான்.

அதற்குத்தான் கூட்டம். இனியொரு தரம் நடந்தால் அறை இல்லை என்று செக்ரட்டரி நேரே சொன்னார்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. டொச் மொழியில் விளக்க, ரீச்சர் தமிழில் சொன்னார். பெரிய வௌவாலின் வைரஸ் பெரிய வௌவாலோடுதான் திரியும். வேறு நாட்டில், எவ்வளவோ தூரத்தில் இருக்கும் அதே இன வௌவாலிலும் அதற்குச் சொந்தமானதே கிடைக்கிறது. இதே கூரையில், ஒரு முழம் தள்ளி இருக்கும் சின்ன வௌவாலிடம் அது இல்லை. அதற்கு வேறொன்று. எப்போதாவது ஒன்று இனம் தாண்டும், அதனால்தான் பார்க்கிறோம். மனிதருக்கு வருவது எதையும் இங்கே இதுவரை காணவில்லை. வௌவாலை வெறுங்கையால் தொடாமல் இருந்தால் சரி.

அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது.

"அப்ப எங்கட சனம் மாதிரித்தான். கனடாவில இருந்தாலும் நோர்வேயில இருந்தாலும் தன்ர ஊர்ச் சங்கத்துக்குத்தான் போவான். பக்கத்து வீட்டுக்காரன்ர சங்கத்தை எட்டியும் பாரான்."

ரீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சட்டையில் இன்னும் சாம்பிராணி மணம்.

வங்கிக்காரர் கையை உயர்த்தினார்.

"ரீச்சர், சொன்னதெல்லாம் விளங்குது. ஒண்டும் வராதெண்டு எழுதித் தருவாவோ?"

ரீச்சர் கேட்டார். அப்படி யாராலும் எழுதித் தர முடியாது என்றார் அந்தப் பெண். காணவில்லை என்றுதான் எழுதலாம், இல்லை என்று எழுத முடியாது.

"பாத்தியளோ," என்றார் வங்கிக்காரர், வழக்கில் வென்றவர் போல.

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, உம்மட மகன் இவ்வளவு வருஷமும் அந்த அறையிலதானே படிச்சவன். வௌவாலும் மேலதானே தொங்கினது."

"அப்ப எங்களுக்குத் தெரியாது தானே அண்ணை."

 

கடைசியில் செக்ரட்டரி அறையைத் தந்தார். கூரைத் திறப்பு என்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்றார். ரீச்சருக்குக் கண் கலங்கியது. அன்றே அந்தப் பெண் சொன்னதையெல்லாம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டார். ஒருவரும் மறுத்து எழுதவில்லை. வரிசையாகப் பெருவிரல் உயர்த்தினார்கள்.

சனிக்கிழமை முப்பது பிள்ளைகளுக்கும் கதிரை போட்டேன். இடைவெளி விட்டு, அளந்து. ஜன்னலெல்லாம் திறந்து வைத்தேன். பத்து மணி வகுப்பு. ரீச்சர் பத்தரை வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே போய்த் தொடங்கினார்.

வந்த பிள்ளைகள் ஆறு.