தொட்டியின் நடுவே ஒரு கண்ணாடி

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஒரு மனிதர், எந்தக் காரணத்தாலும் செத்துப்போகக்கூடிய ஒன்றை எதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார்? செஞ்சிக் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஆதிநாராயணனைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. இடி இடித்தால் அவர் கடையில் மாட்டியிருக்கும் கண்ணாடிகளையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பிவைப்பார். பஸ்ஸில் போனால், டிரைவர் கண்ணயர்ந்துவிடுகிறாரா என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வருவார். மலைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும் பாறைகள் ஊருக்கெல்லாம் பழகிப்போனவை. மழைக்காலத்தில் அவற்றை அண்ணாந்து பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

அவருடைய மைத்துனன் வெங்கடரமணனுக்குக் கடற்கரை ஊரான மண்டபத்தில் ரயில்வே வேலை. அறுபத்தாறாம் ஆண்டு, அவன் குழந்தையின் காதுகுத்துக்குப் போன இடத்தில்தான் ஆதிநாராயணன் அதைப் பார்த்தார். வற்றிய கடலில், முழங்கால் ஆழத்தில், மணலில் கால் புதைத்து ஒரு பாயைப்போல விரிந்து கிடந்தது கடல்தாமரை. ஓரமெல்லாம் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. அதன்மேல் படுத்துப் புரண்டுகொண்டிருந்தன இரண்டு சிறிய மீன்கள். கறுப்பு உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். இன்றைக்குக் கோமாளி மீன் என்கிறார்கள். கூட வந்த மீனவர், வேறு எந்த மீன் அதைத் தொட்டாலும் விறைத்துச் சாகும், தாமரை அதை அப்படியே விழுங்கிவிடும் என்றார். இவற்றை மட்டும் ஏன் விடுகிறது என்று ஆதிநாராயணன் கேட்டார். அது அதுங்களுக்குள்ள பழக்கம் என்று சொல்லிவிட்டு மீனவர் நடந்தார்.

அந்தப் பதில் அவரை விடவில்லை. ஊர் திரும்பிய கையோடு தேக்குச் சட்டத்தில் கண்ணாடி பதித்து ஒரு தொட்டி செய்தார். கடையில் கண்ணாடி பதிக்கப் புழங்கும் மக்கு கடல்நீரில் கரைந்து விஷமாகிவிடுமோ என்று பயந்து, படகுக்கு அடைப்பதுபோலக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி இடுக்குகளை அடைத்தார். மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றிவரும் லாரியில் புதுப் பானைகளைக் கொடுத்தனுப்பிக் கடல்நீர் வரவழைத்தார்.

“ஊரே உப்ப வாங்குது, நீங்க தண்ணிய வாங்குறீங்க,” என்றான் லாரி ஓட்டுகிற வீராசாமி. “அடுத்த நடை அலைய ஏத்தியாரட்டா செட்டியாரே?”

வீட்டில் கரண்டு இருந்தது. ஆனால் அதை நம்பி ஒரு உயிரை விட அவருக்கு மனம் வரவில்லை. பழைய லாரி டியூப் ஒன்றுக்கு சைக்கிள் பம்பால் காற்றடித்து, அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் வழியாகக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் கசியவிட்டார். முற்றத்தில் கடைக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி வெயிலைத் தொட்டிமேல் திருப்பினார். மனைவி மனோரமா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அது சைவ வீடு. தாமரைக்குப் போடுகிற இறால் சமையற்கட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது.

வெங்கடரமணன் இரண்டு மீன்களையும் ஒரு தாமரையையும் ஊறுகாய் ஜாடிகளில் கொண்டுவந்து சேர்த்தான். தாமரை வழியிலேயே நைந்திருந்தது. தொட்டியில் விட்டதும் கொழகொழத்து, தண்ணீரைக் கழுநீராக்கிவிட்டுச் செத்தது. தெரு முழுக்க நாற்றம். மீன்கள் மட்டும் எப்படியோ பிழைத்தன. தாமரை இல்லாத தொட்டியின் மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தன. அந்த மாதங்களில் ஆதிநாராயணன் இளைத்துப்போனார். காலையில் கண் விழித்ததும் தொட்டியைப் பார்க்கப் பயந்து, “இருக்குதா பாரு” என்று மனோரமாவைத்தான் அனுப்புவார்.

மறு தாமரை கோடை முடிந்து வந்தது. நல்ல உயிரோடு, தாம்பாளம் அகலத்துக்கு விரிந்தது. அதோடு ஒரு பயமும் வந்தது.

“மாமா, ரெண்டையும் ஒண்ணா வுட்றாதீங்க,” என்றான் வெங்கடரமணன். “இம்மாங்காலம் தாமரைய விட்டுப் பிரிஞ்சி இருந்துட்டுதுங்க. பழக்கம் போயிருந்தா இதுங்களையும் தின்னுடும்னு அங்க சொல்றாங்கோ. நடுவுல ஒரு தடுப்பு வைங்க. தண்ணி மட்டும் கலக்கட்டும். கொஞ்ச நாள் பார்த்துட்டு எடுத்துடுங்க. ரொம்பத் தள்ளிப்போட்டாலும் கஷ்டம்.”

ஆதிநாராயணன் கடையிலிருந்து நல்ல கனமான கண்ணாடி ஒன்றை எடுத்துவந்து, அடியில் விரற்கடை இடைவெளி விட்டுத் தொட்டியின் நடுவே நிறுத்தினார். அன்றைக்கே சோதனைக்காக ஏரியில் பிடித்த ஒரு பொடி மீனைத் தாமரையின் பக்கம் போட்டார். அதன் வால் ஓரத்தில் பட்டது. அவ்வளவுதான். துடிக்கக்கூட இல்லை. பாய் மெல்லச் சுருண்டு அதை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் மதியம் சாப்பிடவில்லை.

சனிக்கிழமைதோறும் தாமரை ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கியது. திங்களன்று தேறும், மறு சனிக்கிழமை மறுபடி சுருங்கும். நோயாளித் தாமரை எதைத் தின்னும், எதை விடும் என்று யாருக்குத் தெரியும்? தடுப்பை எடுக்காமலிருக்க அது போதுமான காரணமாக இருந்தது. தண்ணீரைச் சந்தேகித்தார், வெயிலைச் சந்தேகித்தார், வீராசாமி பானையை எதில் கழுவினானோ என்றும் சந்தேகித்தார். கடைசியில் மனோரமாதான் கண்டுபிடித்தாள்.

“வெள்ளிக்கிழம வெளக்கு வெச்சதும் நான் ஊடு முச்சூடும் சாம்பிராணி போடுறேன். நீங்க அந்நேரத்துக்குத்தான் டியூபுக்குக் காத்தடிக்கறீங்க. பொக தண்ணிக்குள்ள போனா அது இன்னா பண்ணும்? மூக்கப் புடிச்சிக்குமா?”

வாரம் தவறாமல் ஆதிநாராயணன் தன் கையாலேயே அதற்கு விஷம் ஏற்றியிருக்கிறார். வெள்ளிக்கிழமைப் புகையை நிறுத்தச் சொல்ல அவருக்குத் துணிவில்லை, அவளும் நிறுத்தியிருக்க மாட்டாள். அன்றிலிருந்து டியூபைத் தெருவுக்கு உருட்டிப் போய்க் காற்றடித்தார். லாரி எப்ப வருது என்று போகிறவர்கள் கேட்டார்கள். தாமரை அதற்குப் பிறகு சுருங்கவில்லை.

தடுப்பை எடுக்க இப்போது ஒரு தடையும் இல்லை. அதனால் அவர் காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு நாள் அஷ்டமி, மறுநாள் நவமி, அப்புறம் கரிநாள். நல்ல நாளாக அமைந்தால் அன்றைக்கு மேகமூட்டம். பயத்துக்குக் காரணம் கிடைக்காமல் போவதில்லை, தேடுகிறவர் கொஞ்சம் படித்தவராக இருந்தால் போதும்.

மீன்கள் பகல் முழுதும் தடுப்பை முட்டிக்கொண்டிருந்தன. பெரியதன் மூக்கு தேய்ந்து வெளுத்தது. பிறகு அது இரை எடுப்பதை நிறுத்திவிட்டு அடியில் போய்ச் சாய்ந்துகொண்டது. சின்னது அதைச் சுற்றிச்சுற்றி வந்தது.

“அங்க போனா சாவுமோன்னு இங்கியே வெச்சி சாவடிக்கறீங்க,” என்றாள் மனோரமா. கோபமாகச் சொல்லவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பிற்பகல் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்து வந்தார். ராகு காலம் பிறந்திருந்தது. காலண்டர் பக்கம் திரும்பவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தடுப்பை மேலே உருவினார், துண்டால் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். மனோரமா சமையற்கட்டிலிருந்து வருவதற்குள் தெருமுனை திரும்பியிருந்தார்.

தொட்டியின் எதிரே நின்று பார்த்தவள் அவள்தான். பெரிய மீன் நெடுநேரம் அசையவில்லை. பிறகு எழுந்து, தடுப்பு இருந்த இடத்தில் வந்து நின்றது. மெல்லத் தாண்டியது. தாமரையின் ஓரத்தை வாலால் தொட்டது, சுரீரென்று விலகியது. மறுபடி போனது. இந்தமுறை விலா ஒட்டிக்கொண்டது. மீன் உதறியது, வரவில்லை. பாயின் விளிம்பு மெல்ல மடங்கத் தொடங்கியதைப் பார்த்தாள். தடுப்பைச் செருகிப் பிரித்துவிடலாம் என்று கை நீட்டித் தேடினாள். முற்றத்திலும் இல்லை, தொட்டிக்குப் பின்னாலும் இல்லை. சமையற்கட்டுக்குள் ஓடி அரிவாள்மணைக்குப் பின்னால்கூடப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது மீன் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது, விலாவில் வெள்ளையாகக் கோழை இழுத்தபடி. இனிப் போகாது என்று நினைத்தாள். அது திரும்பவும் போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரியது தாமரையின் நடுவே படுத்துப் புரண்டுகொண்டிருந்தது. சின்னது ஓரத்தில் நின்று ஒவ்வொரு முறையாகத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. அது சேர்வதற்கு மறுநாள் ஆயிற்று.

ஆதிநாராயணன் வழக்கமான நேரத்துக்குக் கடையைக் கட்டிக்கொண்டு வந்தார். கால் கழுவினார். பெரியது சேர்ந்துவிட்டது என்று மனோரமா சொன்னதும் தலையை ஆட்டினார். உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் தொட்டிப் பக்கம் போனார்.

“அந்தக் கண்ணாடி எங்க?” என்று கேட்டாள் அவள். “நடுவுல மீனு தாமரைல மாட்டிக்கினுது. தேடாத எடமில்ல.”

“அறுத்துட்டேன்.”

“இன்னாது?”

“தாலுக்கா ஆபீஸ்ல ஒருத்தர் ரிட்டயர் ஆறாரு. அவரு போட்டோவுக்குச் சட்டம் கேட்டாங்க. கடைக்குப் போன கையோட அதுக்கு அறுத்துட்டேன்.”

கடையில் அந்த அளவுக்குக் கண்ணாடிகள் அடுக்கடுக்காக இருந்தன. அது மனோரமாவுக்கும் தெரியும். எதற்காக இந்த ஒன்றைக் கொண்டுபோய் அறுத்தார் என்று அவள் அன்று கேட்டாள், பிறகு வந்தபோது வெங்கடரமணனும் கேட்டான். இருவருக்கும் அவர் காரணம் சொல்லவில்லை.